பிறந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவை வீட்டுக்கு எப்படிச் சேர்ப்பது? (தருமபுரி, யோசனை தேவை)

#1 தொப்பூர்க்கணவாய்

வணக்கம். தருமபுரியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன பிரசவ மருத்துவமனைக்கு நானும் ஒரு நண்பரும் ஓய்வு நேரத்தில் மென்பொருள் வேலை செய்து கொடுக்கிறோம். மாதம் 80, 90 பிரசவம் ஆகும் இடம். குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்துக் காயவைத்து, வெளியூர் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்புகிறார்கள். பிறவியிலேயே வரும் தைராய்டு குறைவு, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு, ஜி6பிடி என்ற ரத்த நொதியின் குறைவு ஆகிய மூன்றைப் பார்க்கிறார்கள். காது கேட்கிறதா என்ற சோதனை வார்டிலேயே நடக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ரத்த முடிவு வர நாலைந்து நாள் ஆகிறது. அதற்குள் அம்மாவும் குழந்தையும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதுவரை ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்து வரவேற்பறையில் ஒரு ஃபைலில் வைத்திருந்தார்கள். 45-ஆம் நாள் ஊசிக்கு வருகிறவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் இல்லை.

நாங்கள் போட்டிருக்கும் திட்டம்: முடிவு வந்ததும் எஸ்எம்எஸ் போகும். அதில் ஒரு லிங்க். லிங்க்கைத் தொட்டால் ஓடிபி கேட்கும், போட்டால் பிடிஎஃப் திறக்கும். நார்மல் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கும். ஓடிபி தேவையா, பிறந்த தேதியைக் கேட்டால் போதுமா, இதில்தான் எங்களுக்குள் சண்டை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 ராகிக்களி

ஓடிபி சண்டையை அப்புறம் பார்க்கலாம். எஸ்எம்எஸ் போகிற நம்பர் யாருடையது?

#3 தொப்பூர்க்கணவாய்

அட்மிஷன் ஃபாரத்தில் கொடுத்த நம்பர்தான். நீங்கள் கேட்ட பிறகு ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கணவர் நம்பர். சிலது பெண்ணின் அப்பா நம்பர். ஒன்றைக் கூப்பிட்டுப் பார்த்தால் அன்று ராத்திரி அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் எடுக்கிறார். "குழந்தை நல்லா இருக்கா சார்?" என்று என்னையே கேட்டார்.

#4 பாலாடை

தம்பி, நான் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் பென்னாகரம் பக்கம். கம்ப்யூட்டர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் அனுப்பப்போகும் செய்தி எந்த வீட்டுக்குப் போகிறது என்று தெரியும்.

பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருப்பாள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. போன் அவனிடம். இவளிடம் ஒரு பட்டன் போன் இருக்கும், ரீசார்ஜ் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். உங்கள் எஸ்எம்எஸ் ஒசூர் ரோட்டில் எங்கோ நாலாவது மாடியில் நிற்கிற ஒருவனுக்குப் போகும். அவன் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்ததும் லோன் கம்பெனி என்று தள்ளிவிடுவான். தமிழில் வந்தாலும், "லிங்க்கைத் தொடாதீங்க, பணம் போயிடும்" என்று போலீஸ்காரர்களே ஊர் ஊராகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி பேரைச் சொல்லி நீங்களும் ஒரு லிங்க் அனுப்பினால் தொடுவானா? தொடாதவன்தான் புத்திசாலி.

சரி, செய்தி புரிந்துவிட்டது என்றே வையுங்கள். வருவார்களா? பிள்ளை பெற்றவளை முப்பது நாள் வாசல் தாண்ட விடமாட்டார்கள். "தீட்டு கழியட்டும், ஒரு மாசம் ஆகட்டும், வர்றோம்மா" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அதுவும் தைராய்டு குறைவாக இருக்கிற பிள்ளை அழாது. நன்றாகத் தூங்கும். மஞ்சள் காமாலை நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும், அதை "வெயில்ல காட்டினா போயிடும்" என்பார்கள். "எம் பேரன் தங்கம், ராத்திரி தொந்தரவே இல்ல" என்று பாட்டி பெருமையாகச் சொல்கிற பிள்ளையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஒரு குழந்தையை நான் எட்டாவது மாதம் பார்த்தேன். தலை நிற்கவில்லை, நாக்கு வெளியே. எங்கே பிரசவம் என்று கேட்டு, அங்கே போய் விசாரித்தால், ஐந்தாம் நாளே வந்த ரிப்போர்ட் ஃபைலில் இருக்கிறது. ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். அங்கே இருந்த பெண் அழுதுவிட்டாள், அவளைத் திட்டவும் எனக்கு மனது வரவில்லை. "நாங்க போன் பண்ணோம் சிஸ்டர், சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு" என்றாள். மாத்திரை விலை என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு டீ குடிக்கிற காசு கூட இல்லை.

#5 தொப்பூர்க்கணவாய்

சிஸ்டர், படித்துவிட்டு நேற்று எதையும் எழுத முடியவில்லை. பச்சை, சிவப்பு என்று பேசிக்கொண்டிருந்தது வெட்கமாக இருக்கிறது. மேலே சொல்லுங்கள்.

#6 வடிதாள்

குழந்தை மருத்துவர், கிருஷ்ணகிரி. சிஸ்டர் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது காலக்கணக்கு மட்டும். உங்கள் "சிவப்பு" ஒரே நிறம் இல்லை.

அட்ரீனல் கோளாறு கடுமையாக இருந்தால் குழந்தைக்கு இரண்டாவது வாரத்திலேயே உப்புச்சத்து இறங்கி, வாந்தி, சோர்வு, உயிருக்கே ஆபத்து. ஆண் குழந்தையாக இருந்தால் வெளியே பார்த்து எதுவும் தெரியாது, அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இந்த முடிவு வந்தால் அன்றைக்கே ஆள் கிடைத்தாக வேண்டும். தைராய்டுக்கு இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்த ஆய்வில் சுமார் 1,130 பேரில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. உங்கள் மருத்துவமனைக் கணக்குக்கு வருஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும்.

ஜி6பிடி குறைவுக்கு ஓட வேண்டியதில்லை. சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், துணிப்பெட்டியில் பாச்சை உருண்டை போடக்கூடாது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், தொட்டில் போடும் நாளில் பாட்டி பீரோவிலிருந்து பழைய பட்டுத்துணியை எடுத்துப் பிள்ளையைச் சுற்றுவாள். அந்த வாசனைக்கே குழந்தைக்கு ரத்தம் உடைந்து மஞ்சள் ஏறும். காதுச் சோதனைக்கு 1-3-6 என்று ஒரு கணக்கு: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை.

இன்னொன்று. பிறந்ததும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், இது அதிகம் என்றால்தான் தைராய்டு குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம்) இயல்பாகவே எகிறும், இரண்டு நாளில் இறங்கும். 24 மணி நேரத்தில் டிஸ்சார்ஜ் செய்கிற அவசரத்தில் சீக்கிரமே குத்தி எடுத்தால் ஒன்றுமில்லாத குழந்தைக்கும் அதிகம் என்று வரும். குறைமாதக் குழந்தைக்கு அட்ரீனல் சோதனையிலும் இதே கதை. ஆகவே முதல் சோதனையில் மாட்டுகிற பல குழந்தைகளுக்கு நோய் இல்லை. "திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும்" என்பதற்கும் "நோய் இருக்கிறது" என்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தை உங்கள் திரை காட்ட வேண்டும்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி வடிதாளில் ரத்தப்பொட்டு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அறுபது வருஷமாக அந்தத் தாள் தபாலில் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. திரும்பி வருகிற வழிதான் தொலைகிறது.

#7 அரூர்_அப்பா

சிவப்பு, பச்சை பற்றி என் அனுபவம். போன வருஷம் மகள் பிறந்தாள் (வேறு மருத்துவமனை). நான் அரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வருகிறது. வலது காது "பாஸ்". இடது காது "ரெஃபர்". அவ்வளவுதான், கீழே கையெழுத்து.

நம் பக்கத்தில் ரெஃபர் என்றால் என்ன அர்த்தம்? இங்கே முடியாது, 108-ல் போட்டு சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மனைவிக்குச் சொல்லாமல் இரண்டு நாள் சுற்றினேன். காது கேட்காத பெண் குழந்தை, கல்யாணம் வரைக்கும் யோசித்துவிட்டேன் (சிரிக்காதீர்கள், இரண்டு நாள் குழந்தை). மூன்றாம் நாள் தைரியம் வந்து போன் செய்தால், "பிறந்த புதுசுல காதுல தண்ணி, மாவு அடைச்சிருக்கும் சார், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்கிறார்கள். போனோம், பாஸ்.

இதை முதல் நாளே ஒரு வரி எழுதியிருக்கலாம் அல்லவா? பாஸ், ஃபெயில், ரெஃபர் எல்லாம் மெஷின் தன் ஆபரேட்டருக்குச் சொல்கிற வார்த்தை. அதை அப்படியே அப்பனுக்கு அனுப்பக்கூடாது.

#8 ராகிக்களி

"பாசிட்டிவ்" கதையும் அதேதான். 2020-க்கு முன்னால் என் பெரியம்மா ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று இருந்தால் நல்லது என்று நினைப்பார். கொரோனாவுக்குப் பிறகு ரத்த குரூப் ஓ பாசிட்டிவ் என்றால் கூடப் பயப்படுகிறார்.

#9 கெலமங்கலம்_கீபோர்டு

தொழில்நுட்பப் பக்கம் கொஞ்சம். தமிழில் எஸ்எம்எஸ் என்றால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான், இங்கிலீஷுக்கு 160. அதிலும் நம் கணக்கு வேறு, போனின் கணக்கு வேறு. "குழந்தையை" கண்ணுக்கு 5 எழுத்து. போனுக்கு 9, ஏனென்றால் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. 70-ஐத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று உடைந்து இரண்டு மூன்று செய்தியாகக் காசு போகும். பழைய பட்டன் போன்களில் சிலவற்றில் தமிழ் வெறும் கட்டமாகத் தெரியும். அது போக, டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி ஒவ்வொரு செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை மாற்றினாலும் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே வாசகத்தை முதலில் மக்களிடம் படித்துக் காட்டுங்கள், அப்புறம் பதிவு செய்யுங்கள்.

தமிழ், இங்கிலீஷ் என்று இரண்டு மொழி போட்டிருக்கிறீர்கள். எங்கள் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வந்து பாருங்கள். தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள்தான் அதிகம், அதிலும் நிறையப் பேருக்கு எந்த எழுத்தும் படிக்க வராது. கிருஷ்ணகிரி டவுனில் உருது. ஒசூர் சிப்காட் லைன் வீடுகளில் இந்தி, ஒடியா. எழுத்தை விட்டுக் குரலுக்கு வாருங்கள். பதிவு செய்த குரல், ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கேட்கலாம். பாட்டியும் சேர்ந்து கேட்பார். முடிவெடுக்கிறவர் பல வீட்டில் அவர்தானே?

ஓடிபி சண்டைக்கு என் தீர்ப்பு: இரண்டும் வேண்டாம். லிங்க் இல்லையென்றால் ஓடிபியும் இல்லை. ஒரு எச்சரிக்கை, குழந்தையின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பிரசவ வலியில் இருக்கும்போது கையெழுத்து வாங்காதீர்கள். குத்துகிற அன்று கேளுங்கள்.

#10 பாலாடை

குரல் நல்ல யோசனை. ஆனால் பாட்டியும் சேர்ந்து கேட்பார் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடறுகிறது. குழந்தைக்கு ஏதோ இருக்கிறது என்ற செய்தி அந்த வீட்டில் முதலில் யார் காதில் விழ வேண்டும்? நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் இன்னும் இருக்கிறது. "உங்க வீட்டு ரத்தம்", "எங்க வம்சத்துல இப்படி இல்ல" என்று ஆரம்பித்தால் அந்தப் பெண் பச்சை உடம்போடு மூலையில் உட்கார்ந்து அழுவாள். பெண் குழந்தையாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கிப் பிறகு நம் மாவட்டத்துக்கும் ஏன் வந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலம் மாறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். எல்லா வீட்டிலும் மாறவில்லை.

#11 அரூர்_அப்பா

சிஸ்டர், ஒரு வருத்தம். இந்த இழை முழுக்க அப்பா என்றால் லிங்க்கைத் தள்ளிவிடுகிறவன், பழி போடுகிறவன் என்றே போகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து விடியற்காலை வந்து சேருகிறவனும் அவன்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வண்டிக்குக் காசு யார் தருவது? எனக்குத் தெரியாமல் வைத்தால் நான் எப்படி வருவேன்?

#12 பாலாடை

நீங்கள் சொல்வதும் சரிதான் தம்பி. தெரியாமல் வைக்கச் சொல்லவில்லை. அம்மாவுக்கு முதலில், அரை மணி நேரம் கழித்து உங்களுக்கு. அவள் வாயாலேயே வந்தால் இன்னும் நல்லது. நான் அப்படித்தான் செய்வேன். வீட்டுக்குப் போய், குழந்தையை எடை போடுவதாகச் சொல்லி அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டு, அவள் கண்ணைத் துடைத்த பிறகு திண்ணைக்கு வந்து மற்றவர்களுக்குச் சொல்வேன். அந்தப் பத்து நிமிஷத்தை உங்கள் கம்ப்யூட்டரில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

#13 வடிதாள்

பழி பற்றி: அட்ரீனல் கோளாறு போன்றவற்றில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய். இருவருமே வெளியே நல்ல ஆரோக்கியமாக இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. யார் வீட்டு ரத்தம் என்ற கேள்விக்கே இடமில்லை, இரண்டு வீடும்தான். பிறவித் தைராய்டு பெரும்பாலும் பரம்பரையே இல்லை, சுரப்பி சரியாக உருவாகாததால் வருவது. இதை மருத்துவர் நேரில், இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். செய்தியில் நோயின் பெயரே வரக்கூடாது. வந்தால் ஐந்து நிமிஷத்தில் யூடியூப் பார்த்துவிட்டு, பத்தாவது நிமிஷம் வேப்பிலைச் சாறு கொடுத்துவிடுவார்கள்.

அட்ரீனல் கோளாறுள்ள சில பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பின் தோற்றமே குழப்பமாக இருக்கும். அந்த வீட்டுக்கு ஒரு பிடிஎஃப் போய், அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு ஆனால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

#14 லீட்ஸ்_மருமகள்

பாப்பாரப்பட்டிப் பெண், இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். என் மகனுக்கு இங்கே குத்தியது ஐந்தாம் நாள், மிட்வைஃப் வீட்டுக்கு வந்து. ஒன்றும் இல்லையென்றால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கடிதமாகவோ நர்ஸ் வாய்மொழியாகவோ சொல்லிவிடுவார்கள், குழந்தையின் உடல்நலக் குறிப்பேடான சிவப்பு அட்டைப் புத்தகத்தில் குறித்தும் வைப்பார்கள். ஏதாவது சந்தேகம் என்றால் கடிதத்துக்குக் காத்திருப்பதில்லை, முன்னாலேயே மருத்துவக் குழு நேராகத் தொடர்பு கொள்ளும். எனக்குப் பிடித்தது அவர்கள் எழுதும் விதம். நார்மல், அப்நார்மல் என்று இல்லாமல், இந்த நோய் இருப்பதாகச் "சந்தேகம் இல்லை" என்று வரும். சோதனை அவ்வளவுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை.

ஆனால் தமிழில் "சந்தேகம்" என்று எழுதினால் வேறு மாதிரி படும். மாமியார் சந்தேகம், புருஷன் சந்தேகம் என்றுதான் காது போகும். வேறு சொல் பாருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டால் நீங்களே கேளுங்கள் என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். செய்தி வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று இங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

#15 ராகிக்களி

நம் ஊரில் "ஒண்ணும் சொல்லலையே, அப்ப ஒண்ணும் இல்ல" என்பதுதான் சட்டம்.

#16 தொப்பூர்க்கணவாய்

பத்து நாளாக வேலை நடக்கிறது. இழையைப் பிரின்ட் எடுத்து மருத்துவமனையில் படித்துக் காட்டினேன் (ஆட்டோக்காரர் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள், எட்டாவது மாதக் குழந்தைக்கு யாரும் சிரிக்கவில்லை).

லிங்க், ஓடிபி, பிடிஎஃப் மூன்றும் போய்விட்டன. குத்துகிற அன்றைக்கே, "முடிவை யாரிடம் சொல்ல வேண்டும், பிள்ளையோடு எந்த ஊரில் இருப்பீர்கள், எந்த மொழியில்" என்று வார்டு சிஸ்டர் கேட்டு எழுதுகிறார். தாய்வீட்டு நம்பர் ஒன்று, கணவர் நம்பர் ஒன்று, பக்கத்தில் நம்பகமான ஒருவர் நம்பர் ஒன்று. சிஸ்டர் முன்னாலேயே அந்த நம்பருக்கு அடித்துப் பார்க்க வேண்டும், மணி அடித்தால்தான் ஃபாரம் சேமிக்கும். அம்மா கையில் ஒரு சீட்டு: பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் எங்களிடமிருந்து போன் வராவிட்டால் இந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுங்கள். அடையாளத்துக்கு அதில் ஆர்சிஎச் நம்பர் (கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் எண்). பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும் என்பதால் அந்தச் சீட்டை மட்டும் யாரும் தொலைப்பதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் பதிவுக் குரல் போகும், கூடவே ஒரு எஸ்எம்எஸ். ஜி6பிடி முடிவுகளுக்கு சிஸ்டர் பேசுவார், பாச்சை உருண்டையை மறக்காமல். மற்றதெல்லாம் மனிதர் மட்டுமே, மென்பொருள் அம்மாவுக்கு எதையும் அனுப்பாது. அது சிஸ்டரின் திரையில் ஒரு வரி ஆகும், மருத்துவர் சொன்ன கெடுவோடு. அந்த வரியை "போன் செய்தேன்" என்று அழுத்தி மூட முடியாது. குழந்தை வந்து மறு சாம்பிள் எடுத்தால்தான் மூடும். கெடு தாண்டினால் பொறுப்பு மருத்துவரின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். மருத்துவருக்கு இது பிடிக்கவில்லை. நிறுத்த ஒரு பட்டன் கேட்டார், கொடுக்கவில்லை.

சிஸ்டர் சொன்ன பத்து நிமிஷம்தான் உதைக்கிறது. எங்களால் முடிந்தது, அம்மாவோடு பேசி முடித்த பிறகுதான் கணவர் நம்பர் திரையில் தெரியும் என்று வைத்ததுதான். மூன்று நம்பரும் எடுக்கவில்லையென்றால் அந்த ஊர் கிராம செவிலியரின் பெயர் வரும். அவருக்கும் நாங்கள் வெறும் "பாலாடை சிஸ்டரைக் கேட்டோம்" என்றா சொல்ல முடியும்? முறையாகக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

திரும்ப அழைக்க சிஸ்டர் போனில் பேச வேண்டிய வாசகம்: "வணக்கம். உங்கள் குழந்தையின் பரிசோதனையில் ஒரு முடிவு தெளிவாக இல்லை. மறு பரிசோதனைக்காக வெள்ளிக்கிழமைக்குள் குழந்தையை அழைத்து வரவும். பயப்பட வேண்டாம்."

#17 பாலாடை

"பயப்பட வேண்டாம்" என்றால்தான் பயம் வரும். எடுத்துவிடுங்கள். முதலில், "பாப்பா பால் குடிக்குதா, ஒண்ணுக்குப் போகுதா, வாந்தி இருக்கா" என்று கேட்கச் சொல்லுங்கள். அது மருத்துவருக்கும் வேண்டிய விஷயம், அவளுக்கும் பேச்சு வரும். அப்புறம், "அன்னைக்குக் குதிகால்ல எடுத்த ரத்தம் இன்னொரு சொட்டு வேணும்" என்று சொல்லுங்கள். வெள்ளிக்குள் என்று விடாதீர்கள், வியாழன் காலை பத்து மணி என்று சொல்லுங்கள். தீட்டு என்றால், "வாசல்ல வண்டி வரும், தலையில துணி கட்டிக்கிட்டு ஏறிக்கோ, ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம்" என்று சொல்லச் சொல்லுங்கள். பாட்டியையும் கூட வரச் சொல்லுங்கள். வண்டி ஏற்பாடு இருக்கிறதா?

#18 தொப்பூர்க்கணவாய்

வண்டிக்கு அறக்கட்டளை ஒத்துக்கொண்டது. அந்த ஆட்டோக்காரரையே கேட்டிருக்கிறோம்.

#19 கெலமங்கலம்_கீபோர்டு

கன்னடக் குரலுக்கு என் மனைவி தயார். தெலுங்குக்கு அவள் அம்மா. செய்தி மாதிரி படிக்காமல் பேசுகிற மாதிரி பேசச் சொல்லியிருக்கிறேன்.

#20 தொப்பூர்க்கணவாய்

சிஸ்டர், தமிழ்க் குரல் நீங்கள்தான். புதன்கிழமை வர முடியுமா? ரெக்கார்டிங் அரை மணி நேரம்தான்.

#21 பாலாடை

புதன் தடுப்பூசி நாள். ஓய்வு பெற்றாலும் அன்று கால் தானாக சென்டருக்குப் போய்விடும். வியாழன் வருகிறேன். எனக்குச் சளி பிடித்திருக்கிறது, குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கும், பரவாயில்லையா?